பதினொரு டிகிரி

மகள் யுனுவேன் எர்மோசியோ நகரத்துக்கு வேலைக்குப் போனபோது அம்மா ஓர்டென்சியாவின் தலையில் கட்டிவிட்டுப் போனது ஒரு மலைப்பாம்பு. பெயர் சூரோ. ஆரம்பத்தில் அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, மகள் ஞாயிறு தவறாமல் அழைப்பதே அதற்காகத்தான் என்று.

"மா, நம்பரைக் காட்டு."

பாம்புத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு நேரே ஓர்டென்சியா கைப்பேசியைப் பிடிப்பாள். முப்பத்திரண்டு.

"சரி, வச்சிடறேன்."

அந்த நாலு நிமிடத்துக்காக ஆறு நாள் ஏங்கிக் கிடப்பாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க அந்த மகராசிக்கு வாய் வராது.

ஜனவரியில் அவள் ஊரான டொலூகா குளிரில் விறைத்தது. செவ்வாய் மாலை ஓர்டென்சியா தன் புலிப்படப் போர்வையைக் கண்ணாடித் தொட்டிக்குப் போர்த்தி, ஓரங்களை அடியில் செருகினாள். காலையில் விலக்கினால், சூரோ தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது. தொட்டியின் அடி கையைச் சுட்டது. தெர்மோஸ்டாட்டோ பதினொன்று என்றது. பாம்பு போனால் ஞாயிறும் போச்சு. தொட்டிக்கு அடியிலிருந்த சூட்டுப்பாயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வேலைநாள் என்றும் பாராமல் அழைத்தாள்.

"வயித்தைத் திருப்பிக் காட்டு மா. கொப்புளம் இருக்கா?"

"இல்லடி."

"தப்பிச்சுது. பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவுல சூட்டை அளக்கிற ஒயர் ஒண்ணு இருக்குமே, எங்க?"

"தரையில விழுந்து கிடக்கு."

"போர்வையைச் செருகினப்போ இழுத்திருப்ப. அது தரையோட குளிரை அளந்துட்டு, சூடு பத்தலைன்னு விடாம ஏத்தியிருக்கு. உன்னை யாரு போர்த்தச் சொன்னா? பேசாம என் ஃபிரெண்டு ஃபௌஸ்டோகிட்ட குடுத்துடு, அவனுக்குப் பாம்பு வளர்த்துப் பழக்கம்."

"குடுக்க மாட்டேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை எதுக்குடி எனக்குப் போன் பண்ணுவ?"

ஓர்டென்சியா ஒயரை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டக் குனிந்தாள்.

"இரு மா. அதைத் தொடாத. நம்பரைக் காட்டு."

பதினொன்று.

"வீட்டுக்குள்ளயே பதினொண்ணா? நீ என்ன போர்த்திட்டுத் தூங்கின?"

"ஸ்வெட்டர் இருக்கே."

யுனுவேன் மூக்கை உறிஞ்சினாள். "ஒயரை நல்லா ஒட்டிட்டு, அப்புறம் பிளக்கை மாட்டு. போர்வையை நீ எடுத்துக்கோ. நாளைக்குக் காலையில கூப்பிடறேன்."

"நாளைக்கு வியாழக்கிழமைடி. பாம்பு நல்லாத்தானே இருக்கு?"

"பாம்புக்காக இல்ல மா."