உரக்க வாசித்துக் காட்டவும்

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். பாலாவிச் சந்தியில் லொறிகளுக்குப் பின்னால் பஸ் அரைமணி நேரம் நின்றபோது, முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் கதைத்ததில் பாதி காதில் விழுந்தது. மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பம்.

முதல் வரிக்கு நான்கு தடவை முயன்றேன். "கொழும்பிலிருந்து வந்த ஷிம்லா கடலோரக் களப்பைப் பார்த்து வியந்து—" வேண்டாம். வியக்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் வந்து போய்விட்டார்கள். "சர்வதேச நிறுவனங்களின் பங்களிப்பானது—" இது அறிக்கை. அதை எழுத அவர்களிடமே ஆள் இருக்கிறது.

2.

சரி, இப்படி. ஷிம்லா, வயது இருபத்துமூன்று, புத்தளம் டவுனில் வளர்ந்தவள். ஒரு சர்வதேச அபிவிருத்தி நிறுவனத்தில் பயிலுநர். மூன்று வாரம் ஸூமில் பயிற்சி, இன்றுதான் நேரில் முதல் நாள். கள அதிகாரி ஸஜீதுடன் புத்தளத்துக் கரைத்தீவில் வீடு வீடாகப் போய், மழைநீர் சேமிக்கும் தாங்கி யாருக்குக் கொடுப்பது என்று படிவம் நிரப்ப வேண்டும். எழுதிய பதிலை அந்த வீட்டாருக்கே உரக்க வாசித்துக் காட்டவும் வேண்டும்.

நான்காவது வீடு அவளுடைய சாச்சி உம்மு குல்தூமின் வீடு. உம்மாவின் தங்கை.

[தற்செயல் அதிகம் என்கிறீர்களா? இந்த ஊர் முஸ்லிம்கள் தொண்ணூறில், யுத்தத்தின்போது, மன்னாரிலிருந்து ஒன்றாகத் துரத்தப்பட்டு ஒன்றாகக் குடியேறியவர்கள். எந்த வாசலில் நின்றாலும் யாராவது உறவு. ஸஜீத் கிழக்கே கல்முனைக்காரர், இந்த உறவு அவருக்குத் தெரியாது. காலையில் பட்டியலில் சாச்சியின் பெயரைப் பார்த்தும், முதல் நாளே வாய் திறக்க ஷிம்லாவுக்குப் பயம்.]

3.

சாச்சி ஷிம்லாவின் நிறுவன ஜக்கெட்டைப் பார்த்தாள். பிறகு ஸஜீதைப் பார்த்தாள்.

"வாங்க சேர். மிஸ், இந்தக் கதிரைல இரிங்க."

மிஸ்! சோறு ஊட்டி வளர்த்த சாச்சி.

[இங்கே சாச்சியை நம்பாமல் இரண்டு நாள் எழுதவில்லை. ஒருத்தி இவ்வளவு சட்டென்று நடிப்பாளா? ஆனால் முப்பத்தைந்து வருடமாகப் படிவங்களுக்குப் பதில் சொல்கிறவள். கடைசியில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்கா தெரியாது?]

"குடிதண்ணி எங்க எடுக்கிறீங்க?"

"பவுசர் லொறில மிஸ். கிணத்துத் தண்ணி உப்பு. றோட்டுல இருந்து கேன் தூக்கிட்டு வரோணும், முழங்காலும் ஏலா."

முழங்கால் விஷயம் ஷிம்லாவுக்குப் புதிது. போனில் சாச்சி ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் படிவத்தில் எழுதும்போது வெட்கமாக இருந்தது.

கடைசிக் கேள்வி: இந்த நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா? ஓம் என்றால் வீடு பட்டியலிலிருந்து போய்விடும்.

"எனக்கு அங்க ஆரு மிஸ் இரிக்கி? ஒருத்தருமில்ல."

சாச்சி சிரித்தாள். ஷிம்லா எழுதவில்லை.

"எழுதி வாசிச்சிக் காட்டுங்க, ஷிம்லா," என்றார் ஸஜீத்.

4.

முடிவு ஒன்று: வாசிக்கிறாள். தாங்கி வருகிறது. பெருநாளுக்குப் போனவள் அதில் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்து—

முடிவு இரண்டு: "இவ என்ட சாச்சி, சேர்," என்கிறாள். ஸஜீத் வீட்டைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு எழும்புகிறார். சாச்சி கோபப்படுவதில்லை. கோபப்பட்டிருந்தாலாவது எழுதி முடித்திருப்பேன்.

நியாயம் எனக்கும் தெரியும். அடுத்த வீட்டுக் கிணறும் உப்புத்தான். தெரிந்தும் கை ஓடவில்லை.

ஆகவே கடைசிப் பதில் காலியாக இருக்கும் படிவத்தை உங்களிடம் தருகிறேன். மனதுக்குள் வாசித்தால் செல்லாது. சாச்சியின் முகத்தைப் பார்த்து, ஸஜீதுக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

"சொல்லுங்க மிஸ்," என்கிறாள் சாச்சி.