மாற்றாமல் விட்ட உருளை

கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே இருவர்: மருத்துவமனையின் மேலாளர் நாகஜோதி; அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக் எபநேசர். சில நாள்களாக அது உதறுகிறது என்று காட்டத்தான் அவரை அவள் ஏற்றியிருந்தாள்.

மின்விசிறியும் நின்றுவிட்டது. ஊரின் மறுகோடியில், நெரிசல் மிகுந்த காளவாசலிலிருந்து வேறொரு மெக்கானிக் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. காளவாசலிலிருந்து கிளம்புவது வேறு, வந்துசேர்வது வேறு.

"எல்லாம் அந்த வாட்ச்மேன் வீரணன் பார்த்த வேலைண்ணே," என்றாள் நாகஜோதி, முந்தானையால் விசிறிக்கொண்டு. "கதவுக்கு நடுவுல வீல்சேரைக் குடுத்து நிப்பாட்டாதேன்னு எம்புட்டுச் சொல்லியாச்சு! வெளிய போனதும் மொத வேலை, அவனை வீட்டுக்கு அனுப்புறதுதான்."

எபநேசர் கதவின் மேல்விளிம்பைப் பார்த்தார். அங்கே கதவைத் தாங்கி ஓட்டும் உருளை ஒன்று தேய்ந்திருந்ததை வெள்ளிக்கிழமையே கண்டிருந்தார்; அது பிசகினால் லிஃப்ட் நின்றுவிடும். மாற்று உருளை பையிலேயே இருந்தது. ஆனால் ஆனையூரில் உபவாச ஜெபம். நடத்த வேண்டியவர் அவர். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போய், உண்மையுள்ள ஊழியக்காரனைக் குறித்து உருக்கமாகப் பேசினார். திங்கட்கிழமை வந்துபோயிற்று. இப்போது உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போகிறவர் வீரணனாக இருக்கமாட்டார்.

"நீங்க ஜெபம் பண்ணிட்டுத்தான ஸ்பேனரையே எடுப்பீக? அதுக்குத்தான் கம்பெனில உங்களையே அனுப்பச் சொல்லுவேன். இப்பவும் பண்ணுங்கண்ணே, மூச்சு முட்டுது."

மறுக்க வழியில்லை, விலகி நிற்க இடமுமில்லை. அவர் கண்களை மூடினார்.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளைகளை இந்த இக்கட்டிலிருந்து விடுவியும்."

"ஆமென்," என்றாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த நாகஜோதி.

நாவில் பழகிய சொற்கள் அதற்குமேல் நகரவில்லை.

"வீரணன்மேல் குற்றமில்லை, ஆண்டவரே. உருளை தேய்ந்ததைக் கண்டும் மாற்றாமல் போனவன் அடியேன். என்னை மன்னியும்."

நெஞ்சு இலேசாயிற்று. கண்களை மட்டும் அவர் திறக்கவில்லை. அவளிடமிருந்து ஆமென் வரவில்லை.

"அண்ணே, இதை யார்ட்டச் சொல்றீக? சாமிட்டயா, என்கிட்டயா?"

"...உங்ககிட்டதான் மேடம்."

"அப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

கண்களைத் திறந்து சொன்னார். ஜெபத்துக்குப் போகும் அவசரம் என்பதையும் மறைக்கவில்லை. இம்முறை மன்னிப்பு கிடைக்கும் என்ற துணிவு இல்லை.

"நேத்து ஒரு நெறமாசக்காரி இதுலதாண்ணே மேல போனா," என்றாள் அவள்.

வெளியே, மூன்றாம் மாடியிலிருந்து வீரணனின் குரல் கேட்டது. "ஜோதிம்மா, பயப்படாதீக! ஆளு வந்துக்கிட்டிருக்கு! இவுக எல்லாரும் என்னையத்தான் வையுறாக, நான் வீல்சேரைத் தொடவே இல்லம்மா!"

நாகஜோதி எபநேசரைப் பார்த்தாள்.

அவர் கதவிடுக்கில் வாயை வைத்தார். "வீரணண்ணே, தப்பு உங்க மேல இல்ல. நான்தான்..."

"யாரு, மெக்கானிக் தம்பியா? ஒண்ணும் கேக்கல! இங்க ஒரே கூட்டமா இருக்கு. சத்தமாச் சொல்லுங்க!"

எபநேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகச் சொன்னார்.