இரண்டாம் வகுப்புச் சுவர்

பாறசாலைக்குப் பக்கத்தில் நான்காம் வகுப்பு வரையுள்ள ஓர் எல்.பி. பள்ளி. அதன் இரண்டாம் வகுப்புச் சுவர் முழுக்கக் கடல். பெயின்டர் ஜெயதாஸ் மூன்று நாள் நின்று வரைந்தது. தரையிலிருந்து கூரை வரை நீல அலை, உச்சியில் ஒரு படகு. யோசனை ரெஜிலா டீச்சருடையது. கடற்கரைப் பிள்ளைகள் கடலைக் கண்டால் துள்ளுவார்கள் என்று நினைத்தாள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்!

நாளை பள்ளி திறப்பு. இன்று காலையில் ஷாலு தன் மகள் சோனாவை வகுப்பைக் காட்டக் கூட்டி வந்தாள். போன மழையில் அவர்கள் வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. கடல் ஏறாதபடி கரைக்குக் கல் போட்டுத் தருகிறோம் என்று சொன்ன பஞ்சாயத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஒரு லாரிக் கல்கூட வரவில்லை. அன்றிலிருந்து நிவாரண முகாமை விட்டுச் சோனா அசையவில்லை. ரெஜிலா ஐந்து தடவை நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் பிள்ளை சம்மதித்தாள்.

வாசலில் கால் வைத்த சோனா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, வருது!" என்று அலறிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

ரெஜிலா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாவி, எந்தப் பிள்ளைக்காக இத்தனை பாடுபட்டாயோ அதை நீயே விரட்டிவிட்டாயே! தன்னைத்தானே திட்டித் தீர்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அண்ணா, வெள்ளப் பெயின்ட் மிச்சம் உண்டா?"

"உண்டு. எதுக்கு?" என்றார், பிரஷ் கழுவிக்கொண்டிருந்த ஜெயதாஸ்.

"இத மூடணும்."

"எனக்க மூணு நாளத்த வேலையாக்கும் டீச்சரே!"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை சரோஜம் வந்தாள். "நாளைக்குப் பஞ்சாயத்து பிரசிடன்ட் வாறாரு. வெறுஞ்சுவரையா காட்டப் போற?"

"பிரசிடன்டா டீச்சரே இந்தக் கிளாசுல இருந்து படிக்கப் போறாரு?"

சரோஜம் முறைத்தாள். அதற்குள் ரெஜிலா பிரஷ்ஷை எடுத்து முதல் அலையை அடித்து மூடியிருந்தாள். சற்று நேரத்தில் ஜெயதாஸும் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார். மூன்று மணிக்குள் கடல் போயிற்று. நான்கு மணி பஸ்ஸில் ரெஜிலா ஆறாவது தடவையாக முகாமுக்குப் போனாள்.

"மக்கா, கடல அழிச்சுப் போட்டேன். தப்பு எனக்க தப்பாக்கும். அங்க என்ன வேணுமோ அத இனி நீ வந்து வரை."

சோனா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

மறுநாள் மற்றவர்களெல்லாம் பள்ளி திறப்புக்குக் கொடுத்த பலூனோடு உட்கார்ந்த பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். சுவர் வெள்ளையாக இருந்தது. ரெஜிலா பிரஷ்ஷையும் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் கொடுத்தாள். சோனா தரையோரம் குந்தி ஓர் உருண்டை வரைந்தாள். பக்கத்தில் இன்னொன்று.

"இது என்னது?" என்றான், பெஞ்சிலிருந்து இறங்கி வந்த சிஜு.

"கல்லு."

அவனும் குந்தினான். பிரசிடன்ட் வரும்போது ஒன்பது பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, கல்மேல் கல்லாக முழங்கால் உயரத்துக்கு வரைந்து அடுக்கியிருந்தார்கள்.

"என்ன மக்கா, வெறும் கல்லா இருக்கு? ஒரு கடலு வரையப்பிடாதா?" என்று அவர் சிரித்தார்.

"வரையணும். முதல்ல கல்லு போட்டு முடியட்டும்." சோனா திரும்பிப் பார்த்தாள். "உங்க கல்லு எப்ப வரும்?"

அவர் சரோஜத்தைப் பார்த்தார். சரோஜம் பதறிப்போய் ரெஜிலாவைப் பார்த்தாள். ரெஜிலா குனிந்து, பெயின்ட் டப்பாவைச் சோனாவின் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.