ஒயிலாட்டத்தின் கடைசி ஆள்

மாமியார் செத்த பிறகு மாமனார் மலையாண்டி கட்டிலைவிட்டு இறங்கவேயில்லை. பதினோரு மாதம். மருமகள் சோணையம்மாள்தான் கஞ்சி ஊட்டினாள். அவள் புருஷன் கண்டிச் சீமைக்குப் போய் மூன்று வருஷம். கிழவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தால் கிண்ணம் ஆடியது.

ஒயிலாட்ட வாத்தியார் பேயாண்டி ஒருநாள் வந்து அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி மாப்ள. அம்மன் திருவிழா ஆட்டத்துக்கு வரிசையில கடைசி ஆள் கொறையுது. விழுந்தா மண்ணுதான இருக்கு, கெணறா இருக்கு?"

ஆனையூர்க் களத்தில் சாயங்காலந்தோறும் பழகினார்கள். முதல் வாரம் மலையாண்டி கம்பூன்றி நின்றார். மூன்றாம் வாரம் கம்பைக் களத்திலேயே மறந்துவிட்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி" என்று அவராகவே கஞ்சிக் கும்பாவை நீட்டியபோது, சோணையம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருவிழாவன்று காலையில் காளவாசலிலிருந்து ஆள் வந்தான். மலையாண்டியின் ஒரே அண்ணன் காளை, வெகுநாளாகப் படுக்கையில் கிடந்தவர், விடியும்போது போய்விட்டார்.

"தம்பி மொகம் பாக்கணும்னு எடுக்காமப் போட்டு வச்சிருக்கு."

மாமனார் குளிக்கப் போயிருந்தார். சாவுச் சேதி காதில் விழுந்தால் தீட்டு. தீட்டுக்காரர் அம்மன் முன்னால் சலங்கை கட்டக்கூடாது. சலங்கை போனால்? அந்தக் கட்டில்தான் அவள் கண்ணில் நின்றது.

"மாமா அழகர்கோவில் போயிட்டாக. வர ரெண்டு நாளாகும். எடுத்துருங்க."

"கூடப்பொறந்தவருத்தா..."

"எடுத்துருங்கண்ணே."

அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான்.

சேதியைக் கேட்டவள் அவள். அதனால் கோயில் எல்லைக்கு இப்பால் வேலியோரம் நின்றே ஆட்டம் பார்த்தாள். வரிசைக் கடைசியில் நரைத்த தலை ஒன்று துணியை வீசி வீசிக் குதித்தது. ஓர் அடிகூடப் பிசகவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மலையாண்டி முற்றத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"சலங்கைய அவுத்துத் துணியில முடிஞ்சு வை தாயி. நாளைக்கும் வேணும். வெள்ளன எந்திரிச்சு நடந்தே காளவாசல் போறேன்."

"எதுக்கு மாமா?"

"எங்கண்ணன் என்னைய மாதிரித்தான படுத்துக் கெடக்காரு? கையப் பிடிச்சு ரெண்டு அடி போட வச்சேன்னா எந்திரிச்சிருவாரு."

சோணையம்மாள் குனிந்தாள். சலங்கையைத் தொடக் கை போகவில்லை.