பை காலி, ஆள் நலம்

பூசான் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் குன்றின் கடைசி வளைவில் சுன்தோக் தன் பேட்டரி வண்டியை நிறுத்தியபோது காலை ஏழரை மணி. குளிர்பெட்டியைத் திறந்து, விரல் நீளமே உள்ள யோகர்ட் குப்பிகள் இரண்டை எடுத்துக்கொண்டு பழைய வீடு ஒன்றின் இரும்புப் படிகளில் ஏறினாள். மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவின் கைப்பிடியில் நீலத் துணிப்பை ஒன்று தொங்கியது. கைவிட்டுப் பார்த்தாள். நேற்று வைத்த இரண்டும் போயிருந்தன. புதியவற்றைப் போட்டுவிட்டு, கைப்பேசியில் ‘201, தோ கிசாங்’ என்ற பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை அழுத்தினாள். அது பச்சையானது.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கைதட்டிச் சிரிக்கும் நிகழ்ச்சி. நேற்றும் இதே சத்தம், முந்தாநாளும் இதே சத்தம். கதவைத் தட்ட சுன்தோக்கின் கை உயர்ந்தது. பிறகு இறங்கிவிட்டது. தட்டக் கூடாது என்பது உத்தரவு.

எங்கள் ஊரில் தனியாக இருப்பவர்கள் செத்தால் நாள் கணக்கில் ஒருவருக்கும் தெரிவதில்லை. பெரிய பெரிய கப்பல் கட்டிய ஊருக்கு இது வெட்கக்கேடு. அதற்காகத்தான் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் நல மையம் இந்த ஏற்பாட்டைச் செய்தது. தனி ஆள் வீடுகளுக்குத் தினமும் யோகர்ட் போகும். மறுநாளும் குப்பி அப்படியே கிடந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உடனே மையத்திலிருந்து ஆள் ஓடும். தொடக்கத்தில் அறுபது வீடுகள். ஒன்றரை ஆண்டில் நூற்று நாற்பது.

முதலில் சுன்தோக் ஒவ்வொரு கதவையும் தட்டித்தான் கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, வாய் ஓயாதவள். கிசாங்குக்கு ஐம்பத்தாறு. கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவன். முழங்காலில் இரும்பு விழுந்த பிறகு வேலை போனது, மனைவியும் போனாள், சோஜு சாராய பாட்டில் மட்டும் கூடவே நின்றது. தினமும் காலையில் இருவருக்கும் ஒரே பேச்சுதான் நடக்கும்.

“தம்பி! இருக்கியா?”

“இன்னும் சாகல, போ!”

“செத்தா சொல்லு, நாளையிலேருந்து குப்பி மிச்சம்.”

“ஒன் குப்பியக் கொண்டுபோயி கடல்ல போடு. மனுசன தூங்க விடுதா பாரு!”

கதவு ஒரு சாண் திறக்கும். கை வெளியே வந்து குப்பியை வாங்கிக்கொள்ளும். சுன்தோக் சிரித்துக்கொண்டே படி இறங்குவாள்.

ஜூலை மாதம் ஒரு நாள் கிசாங் குடித்துவிட்டு நல மையத்துக்குப் போன் போட்டான். “அந்தப் பொம்பள காலங்காத்தால கதவ ஒடைக்குது, கேக்க ஆளில்லையா?” என்று கத்தினான். போனை எடுத்தவள் குழுத் தலைவி ஹேரான். முப்பத்து நான்கு வயது, கெட்டிக்காரி, பகல் சாப்பாட்டையே மேசையில் நின்றபடி முடிப்பவள். நல மைய ஊழியர்களை எங்கள் பக்கம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த டீச்சர் புகாரை எழுதிக்கொண்டு சுன்தோக்கை அழைத்தாள்.

“அவன் கத்துறது சும்மா டீச்சர். நான் ஒரு நாள் லேட்டாப் போனா அவனே கதவத் தொறந்து வச்சுட்டு நிப்பான்.”

“அக்கா, புகார் எழுத்துல இருக்கு. நாளைக்கு பெரிசாச்சுன்னா யார் பதில் சொல்றது? வீட்டுக்கு மூணு நிமிஷம்னா நூத்தி நாப்பது வீட்டுக்கு எவ்ளோ ஆகும், நீங்களே சொல்லுங்க. இனிமே கதவுல பை தொங்கும். பை காலின்னா ஆள் நலம். வட்டத்த அழுத்திட்டு வந்துட்டே இருங்க.”

சுன்தோக் தலையாட்டினாள். ஏற்பாடு வேகமாக நடந்தது. குன்றில் ஓராண்டாக ஒரு தனிமைச் சாவும் இல்லை என்று வட்டார அலுவலகம் மையத்துக்குப் பாராட்டுப் பலகை கொடுத்தது. வாசலில் அதை மாட்டினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டு ஊர்களின் மையங்களிலிருந்து ஆட்கள் வந்து இந்த முறையைக் கற்றுக்கொள்வதாகவும் ஏற்பாடு.

அது நவம்பர் கடைசி, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். மையத்தின் முற்றத்தில் சிவப்பு ரப்பர் உறை மாட்டிய தொண்டர்கள் முட்டைக்கோசில் மிளகாய் விழுது தடவினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பத்துக் கிலோப் பெட்டியைக் கதவில் தொங்கவிட்டு வர முடியாது. ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால்தான் அந்த வியாழன் பிற்பகல் ஹேரானும் சுன்தோக்கும் சேர்ந்து அந்த இரும்புப் படிகளில் ஏறினார்கள். இல்லாவிட்டால் எப்போது ஏறியிருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

ஹேரான் மூன்று முறை தட்டினாள். பதில் இல்லை. பைக்குள் பார்த்தாள். காலையில் வைத்த இரண்டு குப்பிகளும் இல்லை.

“எடுத்துக் குடிச்சிருக்காரு. வெளிய போயிருப்பாரு அக்கா. சாயங்காலம் வரலாம்.”

“எங்க போவான்? அந்தக் கால வச்சுக்கிட்டு இந்தப் படி எறங்க அரை மணி ஆகும் அவனுக்கு.” சுன்தோக் கதவில் காதை வைத்தாள். டிவியில் கைதட்டல் கேட்டது. “டீச்சர், வீட்டுக்காரரக் கூப்பிடுங்க. சாவி கொண்டாரச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் வந்து திறந்தார். கிசாங் டிவிக்கு முன்னால் படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தான். அதற்கு மேல் அந்த அறையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. குளிர்காலம் என்பதால் வாடை வெளியே வரவில்லை. தகவல் கிடைத்து வந்த போலீஸ்காரர் பார்த்துவிட்டுக் குறைந்தது பதினொரு நாள் இருக்கும் என்றார். ஹேரான் கைப்பேசியைத் திறந்தாள். நடுவில் விடுமுறையான ஒரு ஞாயிறு போக, பத்து நாளுக்குப் பத்துப் பச்சை வட்டங்கள்.

“அப்ப குப்பிய எடுத்தது யாரு?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

எதிர்க்கதவு திறந்தது. 202இல் இருக்கும் சோல் மிஹ்வா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபத்தொரு வயது, ஓட்டல் அறைகளைத் துடைத்துத் துடைத்து இடுப்பு போனவள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், தொட்டி ஓரத்தில், கழுவிய குப்பிகள் இருபது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுப்பில் பாத்திரமே இல்லை.

“நாந்தான்,” என்றாள். “மொத நாளு அவரு எடுக்கல. ராத்திரி வரைக்கும் கெடந்துச்சு. வேணாம்னு விட்டுட்டாருன்னு நெனச்சு எடுத்துக்கிட்டேன். மறுநாள் வச்சதும் கெடந்துச்சு, அதையும் எடுத்தேன். பசி பொறுக்கல. ஒரு வாய் புளிப்பு எறங்கினா அன்னிக்கி பொழுது ஓடிருச்சு.” திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. “அய்யோ... அவரு உள்ளதான் இருந்தாரா?” அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டாள்.

மறுநாள் காலை மையத்தின் தலைவர் குவாக், ஹேரானைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நம்ம முறையில ஒரு தப்பும் இல்லம்மா. நாம பையப் பாத்தோம், சரியாத்தான் பாத்தோம். நடுவுல ஒரு திருடி பூந்துட்டா. அத அப்படியே அறிக்கையா எழுதிடு. போலீஸ்லயும் ஒரு புகார் குடுத்துடலாம்.”

“சார், அந்தம்மா பட்டினியாக் கெடந்திருக்காங்க.”

“பட்டினின்னா நம்மகிட்ட வந்து கேட்டிருக்கணும். நாம எதுக்கு இருக்கோம்? செவ்வாக்கெழம எட்டு ஊரு ஆளுங்க வராங்க, மறந்துடாத. இந்த மையம் மூடிப்போச்சுன்னா நூத்தி நாப்பது வீடும் தெருவுலதான்.”

அவர் கெட்டவர் இல்லை. இந்த மாதிரிக் காரியங்களைச் செய்யக் கெட்டவர்கள் தேவையே இல்லை, அதுதான் கொடுமை. ஹேரான் தன் மேசைக்கு வந்து, ‘மூன்றாம் நபரின் திருட்டால்’ என்று தொடங்கினாள். திருடியின் முழுப் பெயர் வேண்டுமே என்று கணினியில் தேடினாள். சோல் மிஹ்வா என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது.

மார்ச் மாதம். வாராந்தர உணவுப் பொட்டலத்துக்கு விண்ணப்பம். ‘சம்பாதிக்கும் மகன் இருக்கிறார். தகுதி இல்லை. யோகர்ட் பட்டியலிலும் சேர்க்கவில்லை. விளக்கி அனுப்பப்பட்டது.’ கீழே பதிவு செய்தவர் பெயர்: பியோன் ஹேரான். மகன் ஆறு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை என்று அந்தம்மா சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. மகன் உதவுவதில்லை என்று நிரூபிக்கத் தாள் கொண்டு வாருங்கள் என்று தான் சொன்னதும், வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தன. கேட்டிருக்கிறாள். வந்து, நின்று, வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் சுன்தோக், மையம் கொடுத்திருந்த கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

“இது எனக்கு வேணாம் டீச்சர்.”

“உங்க மேல தப்பில்ல அக்கா.”

“இருக்கு. பத்து நாளும் அதே டிவி, அதே சத்தம். தினமும் கை தூக்கினேன், தினமும் எறக்கினேன். நீங்க சொன்னீங்கன்னுதான் எறக்கினேன், ஆனா எறக்கினது என் கை.” சுன்தோக் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவன் திட்டுவானே, அதுதான் அவன் ஒரு நாளைக்கு ஒரு மனுசங்கிட்ட பேசுற பேச்சு. நீங்க அத புகாருன்னு எழுதிட்டீங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். இப்ப என்ன எழுதிக்கிட்டு இருக்கீங்க?”

ஹேரான் திரையைத் திருப்பிக் காட்டினாள். சுன்தோக் நிதானமாகப் படித்தாள்.

“திருடியா? அவ எடுத்ததால ஒருத்தன் சாகல டீச்சர். செத்தவன நாம பாக்காமப் போனோம், அவ்வளவுதான். அவளையும் பாக்காமப் போனோம். ஒரே மாடியில ரெண்டு பேரு. ஒருத்தன் செத்துக் கெடக்குறான், ஒருத்தி சாகப்போறா. நாம நடுவுல நின்னுக்கிட்டு பைக்குள்ள கை விட்டுப் பாத்தோம்.”

ஹேரான் வாய்விட்டு அழுதாள். பிறகு எழுதியதை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஜூலையில் தான் போட்ட உத்தரவையும், மார்ச்சில் தான் அனுப்பிவைத்த பெண்ணையும் தேதியோடு எழுதினாள். செவ்வாய்க்கிழமை எட்டு ஊர் ஆட்கள் முன்னிலையில் அதையே நின்று படித்தாள். படித்து முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. குவாக் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரமே பாராட்டுப் பலகை கழற்றப்பட்டது. குழுத் தலைவி பதவியும் அவளிடமிருந்து போனது. மிஹ்வா மேல் புகார் போகவில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

கிசாங்குக்குச் சொந்தமென்று யாரும் வரவில்லை. அரசு செலவில் எரித்தார்கள். படம் வைக்க ஒரு நல்ல புகைப்படம்கூடக் கிடைக்காமல், பட்டறையில் வேலை செய்த காலத்து அடையாள அட்டையைப் பெரிதாக்கி வைத்தார்கள். மூன்று பெண்கள் மட்டும் நின்றார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டிலேயே இருந்தும் அவனை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. மிஹ்வாதான் அது. அவள்தான் அதிகம் அழுதாள்.

டிசம்பரில் ஒரு காலை. ஹேரான் இப்போது சுன்தோக்கின் வண்டியோடு குன்று ஏறுகிறாள். பாதி வீடு இவளுக்கு, பாதி வீடு அவளுக்கு. ஒவ்வொரு கதவையும் தட்டுகிறார்கள். குரல் கேட்கும் வரை நகர்வதில்லை. முதல் வாரம் மூன்று பேர் திட்டினார்கள். ஒருவன் செருப்பை வீசினான். ஹேரான் செருப்பை எடுத்து வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தாள். இரும்புப் படிகளில் ஏறி 202இன் கதவைத் தட்டினாள். கையில் கிம்ச்சிப் பெட்டியும் சூடான கஞ்சியும் இருந்தன.

“அம்மா! இருக்கீங்களா?”

நீண்ட நேரம் சத்தமில்லை. ஹேரான் மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை கையை ஓங்கியபோது கதவு திறந்தது.

மிஹ்வா பெட்டியைப் பார்த்தாள். குப்பி இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையை நீட்டினாள். “யோகர்ட் மட்டும் எனக்கு வேணாம் டீச்சர். இனிமே அது தொண்டையில எறங்காது.”

“கொண்டு வரல. கஞ்சிதான்.”

“மார்ச்சுல நான் வந்தப்ப நீங்க பேப்பரப் பாத்தீங்க. அந்தாளுக்கு பையப் பாத்தீங்க.” குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. “பேப்பருக்கும் பசிக்காது, பையும் சாகாது. ஒதவி பண்ண வர்றவங்க மொதல்ல மனுசன் மொகத்தப் பாக்கணும். அது முடியலன்னா நீங்க என்னத்தக் குடுத்தாலும் அது ஒதவி இல்ல.”

“சரிம்மா,” என்றாள் ஹேரான். எதிரே 201இன் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவள் கஞ்சிப் பாத்திரத்தை மிஹ்வாவின் கையில் கொடுத்துவிட்டு, அவள் முதல் வாய் குடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.