கொள்ளிடக் கரையில் ஒரு கேசட்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் கெட்ட பழக்கம்தான் காரணம். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பத்திரிகையில் ‘ஆற்றங்கரையில் மூன்று நாள் ஓய்வு’ என்று இதமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இதமாகத்தான் ஆரம்பித்தேன்:

‘பங்குனி பிறந்துவிட்டது. வேம்பு பூத்திருந்தது. கொள்ளிடத்தின் மேல் தவழ்ந்து வந்த தென்றல்...’

அடித்துவிட்டேன். திருமானூர்ப் பக்கம் அன்றைக்குத் தென்றல் வந்ததோ இல்லையோ, மணல் வந்தது. இட்லியிலும் வந்தது.

2

சரி, நடந்ததையே சொல்கிறேன். வருஷம் 1982. அரியலூரில் ஓர் ஆபீஸில் நான் கிளார்க். கதை எழுதுவதற்காக மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, ஆற்றோரம் இருந்த பழைய பங்களாவில் அறை எடுத்திருந்தேன். (எழுதியது பூஜ்யம்.) மொத்தமே இரண்டு அறை. வாட்ச்மேன், சமையல் இரண்டும் உத்திராபதி என்கிற ஐம்பது வயதுக்காரர்.

“தண்ணி வாய்க்கா மாதிரிதான் ஓடுது சார். குளிக்கலாம், முங்க முடியாது” என்றார் வந்த உடனே.

அடுத்த அறையில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த தம்பதி. அப்துல் லத்தீப், ஜைனம்பு. (பெயர்கள் நான் வைத்தவை. ஊரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.) லத்தீப் சவூதியில், தமாமில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம். இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறாது. லீவில் வந்தால் வீடு கொள்ளாத கூட்டம். கும்பகோணத்தில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தார்கள். அடுத்த வாரம் அவர் மறுபடி விமானம் ஏற வேண்டும். இதையெல்லாம் லத்தீப்பே என்னிடம் கலகலவென்று சொன்னார். ஜைனம்புவின் குரலைத்தான் இரண்டு நாளாக நான் கேட்கவே இல்லை.

இங்கே கொஞ்சம் தடுமாறுகிறேன். முதலில் எழுதிய பிரதியில் ஜைனம்புவை ஜன்னலோரம் அழவைத்திருந்தேன். அவர் அழவே இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்த முறுக்கை எனக்கும் ஒரு தட்டில் கொடுத்தனுப்பினார். நல்ல முறுக்கு.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. நீங்கள் அடிக்குறிப்பைப் படிக்கமாட்டீர்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன். அந்த நாளில் சபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பு, போனவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட் போகும். டூ-இன்-ஒன் என்கிற ரேடியோ-டேப் பெட்டியை நடுவில் வைத்து மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் பேசுவார்கள். பெண்டாட்டியின் முறை கடைசியில் வரும், “நானும் சொகம்” என்று முடிந்துவிடும். அங்கேயும் அப்படித்தான். யாருக்குக் கேசட் வந்தாலும் அறையிலிருக்கும் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தனியாகக் கேட்பவனைக் கஞ்சன் என்பார்கள்.)

4

மூன்றாம் நாள் காலை லத்தீப் மீன் வாங்கப் போயிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ‘டக்’கென்று பட்டன் அமுக்கும் சத்தம், பிறகு மெல்லிய பேச்சு. நான் சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சாப்பாடு ஆனதும் ஜைனம்பு துணி அலச ஆற்றுக்குப் போனார். அவர்கள் கொண்டுவந்திருந்த டூ-இன்-ஒன்னின் மேல் பேர் எழுதாத ஒரு கேசட் இருப்பதை லத்தீப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் யாரோ தமாமிலிருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பியது என்று நினைத்திருக்க வேண்டும்.

“ஊர்க் கேசட்டு போலருக்கு. வாங்க சார், உக்காருங்க. உத்திராபதி, நீங்களும் வாங்க!”

பழக்கம். வேறென்ன? வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜைனம்பு பேசுறேன். இங்க எல்லாரும் சொகம். மாமிக்கு முட்டி வலி பரவால்ல. செவல மாடு கன்னு போட்டிருக்கு.”

லத்தீப் விழுந்து விழுந்து சிரித்தார். “பாருங்க சார், பக்கத்துல இருந்துகிட்டே கேசட்டு போட்டிருக்கா!” சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பெண்ணுக்கும் பழக்கம்தான். சலாமும் மாட்டுச் செய்தியும் சொல்லாமல் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் நாடா சும்மா ஓடியது.

“மச்சான், இந்தத் தடவ போவாதீங்க.”

உத்திராபதி உடனே எழுந்தார். “அடுப்புல கொழம்பு இருக்கு” என்றார். நாங்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“எந்தக் கேசட்டுலயும் சொல்ல முடியல. மாமி பக்கத்துல இருப்பாங்க. உங்க ரூம்ல எட்டு பேரு இருப்பாங்க. நேர்ல சொல்லலாம்னா உங்க மொகத்தப் பாத்ததும் எனக்கு வாய் வரமாட்டேங்குது. இங்கயே ஒரு மளிகக் கட வச்சாலும் போதும் மச்சான். உங்க கொரலோட குடித்தனம் பண்ணி அலுத்துப்போச்சு.”

லத்தீப்பின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது, அமுக்கவில்லை. ஜைனம்பு ஈரத்துணி வாளியோடு படிக்குக் கீழே வந்து நின்றிருந்தார். வாளியை வைத்தார். மேலே ஏறி வந்து அவரே பட்டனை அமுக்கினார்.

“எல்லாரும் கேட்டாச்சுல்ல. நேர்லயே சொல்றேன். போவாதீங்க.”

5

முடிவு ஒன்று: லத்தீப் டிக்கெட்டைக் கிழித்து ஆற்றில் விடுகிறார். (டிக்கெட் பம்பாய் ஏஜென்ட்டிடம் இருந்தது.)

முடிவு இரண்டு: அவர் போய்விடுகிறார். ஜைனம்பு பஸ் மறையும் வரை

இல்லை. இதை எழுதக் கை வரவில்லை.

6

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கடைசிவரை எழவில்லை. லத்தீப் சொன்ன பதிலை முழுசாகக் கேட்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், ‘அடடா, என்ன ஒரு கதை’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதற்காக வெட்கப்படுகிறேன். ஆறு வருஷம் ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் குடித்தனம் செய்த ஒரு பெண் வாய் திறந்து கேட்டார். வந்த பதில் அவருக்கு மட்டுமானது. நான் அதை எழுதமாட்டேன்.

ஆகவே அன்று செய்யாததை இங்கே செய்கிறேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறேன். லத்தீப் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். நீங்களும் எழுந்திருங்கள், வாசல் பக்கம் போய்விடலாம். இருந்து கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்றால், இருங்கள். ஆனால் அந்தப் பெண் திரும்பி உங்களைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.