திரு. பே. ஆங்கமுத்து

புனிதாவின் கல்யாண அட்டையைப் புனிதாவேதான் அடிப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானா என்ற சின்ன ஊரில் இப்ராஹிம் பாயின் அச்சகத்தில் உட்கார்ந்து, ஆறு வருடமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அட்டை அடித்துக் கொடுத்தவள் அவள். தன் கல்யாணத்துக்கு வேறு கடை ஏறினால் ஊர் சிரிக்காதா? மாப்பிள்ளை யுகேந்திரனும், "நீயே அடி லா. என் பேரு தப்பா வந்தாலும் வந்து தாலி கட்டிருவேன்" என்று சொல்லிவிட்டான்.

அப்பா அங்கமுத்துதான் ஒரு நிபந்தனை போட்டார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். இப்போது தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்குக் காவல். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோலில் அவர் ஒரு நம்பர். ஹோட்டலில் வெறும் முத்து.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. திரு. பெ. அங்கமுத்துன்னு போடணும். அந்த பெ எங்கப்பா பெரியதம்பி. அவரு பேரு தமிழ்ல எந்தக் காகிதத்துலயும் வந்ததில்ல. அத மட்டும் விட்டுறாத."

ஒரு எழுத்துதானே என்று புனிதாவும் தலையாட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் வந்தது. தொண்ணூற்றாறாம் வருடம் அது. மலாக்கா டவுனில் பெரிய கடைகளெல்லாம் மாற்றிவிட்டார்கள், நாம் மட்டும் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று பாயை மூன்று மாதம் நச்சரித்தவளே புனிதாதான். "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறத எதுக்குமா நோண்டணும்?" என்று முனகியபடிதான் அவர் சம்மதித்தார். டவுனிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கவிநேசன் ஒரு பெட்டி டிஸ்கெட்டோடு வந்து, ஒரு பகல் முழுக்க மாற்றி மாற்றிச் செருகி, விண்டோஸையும் கடிதம் அடிக்கிற புது மென்பொருளையும் ஏற்றிவிட்டுப் போனான். திரை பளிச்சென்று வந்தது. புனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் தன் அட்டையை அடிக்க உட்கார்ந்தாள். வழக்கம்போல் பழைய கல்யாண அட்டை ஒன்றைத் திறந்து, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, பெயர்களை மட்டும் மாற்றினாள். மணமகள் புனிதா, சரி. மணமகன் யுகேந்திரன், சரி. பிறகு, 'திரு.' என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரை அடித்தாள். நிமிர்ந்து பார்த்தால், திரையில் 'திரு. பே. ஆங்கமுத்து' என்று இருந்தது.

கை தவறிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். 'பெ.' என்று ஒழுங்காகத்தான் வந்தது. இடைவெளிப் பட்டையைத் தட்டிய மறுநொடி, அவள் கண்ணெதிரிலேயே பெ போய் பே வந்து உட்கார்ந்தது. மாமனாராகப் போகிற கதிரேசனின் பெயரை அடித்துப் பார்த்தாள். 'திரு. மு. குதிரேசன்' என்றது கம்ப்யூட்டர். குதிரையேறி வருகிற மாமனாரை நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. மூன்று மணிக்கு அட்டை அச்சுக்குப் போக வேண்டும், நாளை காலை அப்பா லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சொந்தக்காரர் வீடு வீடாகப் போகப் போகிறார் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

கூப்பிட்டதும் கவிநேசன் காரில் வந்து சேர்ந்தான். தமிழ் எழுத்துருவை மூன்று தடவை அழித்து ஏற்றினான். கம்ப்யூட்டரை நான்கு தடவை அணைத்துப் போட்டான். பே அசைவதாக இல்லை.

"இந்தப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்துதான் புனிதா பிரச்சன. ஏன்னு தெரியல. புள்ளிய எடுத்துரு, எல்லாம் ஓக்கே" என்றான்.

"புள்ளிய எடுத்தா 'திரு பெ அங்கமுத்து'ன்னு வரும். பெ-ன்னா பெண்ணுன்னு நெனச்சு, படிக்கிறவன் ஆம்பளையா பொம்பளையான்னு கேப்பான்."

"அப்ப அந்த பெ எதுக்கு? தூக்கிரு. யாரு கவனிக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனான்.

ஒரு மணிக்கு ஹோட்டல் பொதுத் தொலைபேசியிலிருந்து அப்பா கூப்பிட்டார். "அடிச்சிட்டியாம்மா?"

புனிதா நடந்ததைச் சொன்னாள்.

"சரிம்மா, பெ வேணாம். விட்டுறு. எம் பேரு இருந்தா போதும்ல" என்றார் அப்பா.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் நச்சரித்து இந்தச் சனியனைக் கொண்டுவந்து வைத்ததே நான்தானே என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

தொழுகை முடிந்து இரண்டே காலுக்கு இப்ராஹிம் பாய் வந்தார். "கொஞ்சம் நவுருமா. பேப்பர் கம்பெனிக்கு ஒரு லெட்டர் அடிச்சிக்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பாய் இங்கிலீஷ் அடிப்பது ஒற்றை விரலில். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. எல்லாமே சின்ன எழுத்துதான். பிறகு புனிதாதான் உட்கார்ந்து திருத்துவாள். இன்று அவள் பக்கத்தில் நின்று, வேண்டாவெறுப்பாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வரி அடித்த பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது.

"புனிதா, இத பாரு! இது படிச்ச மெஷினுமா. நான் புள்ளி வச்சு அடுத்த வார்த்த அடிச்சா, மொத எழுத்த தானா பெரிய எழுத்தா மாத்திருது. இனிமே நீ திருத்தவே வேணாம்!"

புனிதா அவர் தோளுக்கு மேல் குனிந்தாள். புள்ளி. அடுத்த வார்த்தை. பெரிய எழுத்து.

"பாய், எந்திரிங்க! எந்திரிங்க பாய்!"

"அட, இன்னும் முடிக்கலமா..."

அவருக்கு விளக்கம் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. விஷயம் இவ்வளவுதான்: அவள் அடிக்கிற தமிழுக்கு அடியில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. சின்ன 'என்' தட்டினால் ஒற்றைக் கொம்பு வரும். பெரிய 'என்' தட்டினால் இரட்டைக் கொம்பு. சின்ன 'எம்' என்றால் அ, பெரிய 'எம்' என்றால் ஆ. சின்ன 'எஃப்' என்றால் க, பெரிய 'எஃப்' என்றால் கு. புது மென்பொருளுக்குத் தமிழ் எங்கே தெரியும்? புள்ளிக்கு அடுத்து புது வாக்கியம் தொடங்குகிறது என்று நினைத்து, பெரியதம்பிக்கும் அங்கமுத்துவுக்கும் நல்ல மனதோடு பெரிய எழுத்து போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதை நிறுத்த எங்காவது ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும் என்று மேலே இருந்த பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள். ஐந்தாவதோ ஆறாவதோ பட்டியலில், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு என்று இங்கிலீஷில் ஒரு வரியும், அதன் முன்னால் ஒரு சின்னக் கட்டமும், கட்டத்துக்குள் ஒரு 'சரி'க் குறியும் இருந்தன. அந்தக் குறியை எடுத்தாள். அப்பாவின் பெயரை அழித்து, புதிதாக அடித்தாள்.

திரு. பெ. அங்கமுத்து.

புனிதா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடை மலாய் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாய் கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்தியது. அவர் அதைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்குள் ஹோட்டல் சீருடையைக்கூட மாற்றாமல் அங்கமுத்து மோட்டாரில் வந்து இறங்கிவிட்டார். பெ இல்லாமல் போகப் போகிற அட்டையைப் பார்த்து, மகளைச் சமாதானப்படுத்திவிட்டுப் போகத்தான் வந்தார். "பரவால்லம்மா..." என்று வாசலிலேயே ஆரம்பித்தவரை இழுத்து, நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே போனார். வெகு நேரம் ஒரே இடத்தைப் பார்த்தார்.

"அது எங்கப்பாதான?" என்றார், பெ-யின் மேல் விரல் வைத்து.

"ஆமாப்பா." அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு எழுத்து எதுக்குப்பா? முழுப் பேரையே போட்டுறவா?"

"போடலாமா?" என்று அவர் பாயைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக் கல்யாணம். போடுங்கண்ணே!" என்றார் பாய்.

புனிதா 'பெ.'யை அழித்து, அந்த இடத்தில் 'பெரியதம்பி' என்று அடித்து நிறுத்தினாள். "இடைவெளிய நீங்க தட்டுங்கப்பா. இங்க."

பால் கத்தி பிடித்துக் காய்த்துப் போன கட்டைவிரலால் அவர் பட்டையைத் தட்டினார். பெ அப்படியே இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல, தட்டிக்கொண்டே இருந்தார். திரையில் அங்கமுத்து மட்டும் நகர்ந்து நகர்ந்து வரியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றார்.

"போதும்பா!" என்று சிரித்துக்கொண்டே புனிதா அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு நடுவிலிருந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அங்கமுத்து மெல்ல மெல்ல நகர்ந்து தன் அப்பாவிடம் வந்து சேர்ந்தார்.